'மின்னா மிதேரு' கேட்டுப் பார், செல்வம்

அன்புள்ள செல்வம்,

நீ, மதினி, பிள்ளைகள் எல்லோரும் நலந்தானே? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டை எனக்கு முன்னால் அவரே படித்துச் சொல்கிறார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

உனக்கு எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் ஒரு பாட்டுத் தொகுப்பு. பெயர் 'மின்னா மிதேரு'. ஜப்பானிய இண்டி குழுக்களின், அதாவது பெரிய கம்பெனிகளைச் சாராத குழுக்களின், பாட்டுகளைச் சேர்த்து, பெர்லினில் இருக்கும் மோர் மியூசிக் என்ற இசை லேபிள் 2020இல் வெளியிட்டது. பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவர் சாயா. டோக்கியோவின் டென்னிஸ்கோட்ஸ் குழுவில் பாடுகிறவர். ஜெர்மனியின் நாட்விஸ்ட் குழுவைச் சேர்ந்த மார்குஸ் ஆகர் கூட நின்றிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் ஹிட் பாட்டுகளை அள்ளிப் போட்ட தொகுப்பு இல்லை இது. ஒரு பாடகி தன் கூட்டாளிகளைக் கூட்டிவந்து 'இவர்களையும் கேளுங்கள்' என்கிறார். அந்தப் பிரியம் காதில் விழுகிறது.

ஜப்பானிய கிட்டார் பாப் என்றால் எனக்கு அதுவரை டோக்கியோவின் ஃப்ளிப்பர்ஸ் கிட்டார் என்ற குழுதான். 1989இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் பாட்டெல்லாம் ஆங்கிலம். ஆல்பத்தின் பெயரே ஸ்காட்லாந்தின் ஆரஞ்ச் ஜூஸ் குழு பாடிய பாட்டு ஒன்றின் பெயர். துள்ளலும் மினுக்கும் நிறைந்த இசை, இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் சாயாவின் கூட்டாளிகள் யாரையும் அசத்தப் பார்ப்பதில்லை.

முதலில் டென்னிஸ்கோட்ஸிலிருந்து தொடங்கு. ஸ்வீடனின் டேப் குழுவோடு சேர்ந்து அவர்கள் செய்த 'டான்-டான் தெரபி' ஆல்பம் 2007இல் வந்தது. அதில் 'பைபாபா பிம்பா' என்று ஒரு பாட்டு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சாயாவோடு குழுவில் இருக்கும் உவேனோவின் கிட்டாரை மட்டும் கவனி. அவசரமே இல்லாத வாசிப்பு. சாயா மூச்சு இழுக்க இடம் விட்டுத்தான் அடுத்த ஸ்வரக்கட்டுக்கு (chord) போகிறார். குரலும் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரிதான். வாத்தியக்காரன் பாடுகிறவளைக் கேட்டுக்கொண்டே வாசிப்பது எத்தனை பாட்டில் இப்படித் துலக்கமாகத் தெரிகிறது, சொல்.

இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் குதோ தோரி என்ற ஜப்பானிய இசைக்காரரின் குழு கிடைத்தது. 1984இல் தொடங்கியவர்கள். குழுவின் பெயர் மகேர்-சாலால்-அஷ்-பாஸ்; ஆமாம், பைபிளில் ஏசாயா 8ஆம் அதிகாரத்தில் வருகிற அதே பெயர். கிட்டாரோடு யூஃபோனியம் ஊதுவார்கள். நம்மூர் பேண்டு செட்டில் பார்த்திருப்பாயே, அந்த வாத்தியம். சுருதி விலகும், ஒருவர் அரைத் தாளம் பிந்தி வருவார், அப்படியே பதிவாகியிருக்கும். 2009இல் 177 பாட்டுகளை இரண்டு சிடியில் வெளியிட்டார்கள் என்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள். நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும். சுருதி விஷயத்தில் நீ விட்டுக்கொடுக்க மாட்டாய். ஆனாலும் சொல்கிறேன்: வாசிக்கத் தெரிந்தவன், தெரியாதவன் எல்லோருக்கும் அந்தக் குழுவில் இடம் இருக்கிறது. தப்பைத் துடைத்தால் அந்த ஆளையும் சேர்த்துத் துடைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் எனக்கு அந்தப் பாட்டுகள் இவ்வளவு பிடித்துப்போயின.

ஜப்பானின் செந்தாய் நகரத்து யும்போ குழுவையும் விடாதே. பியானோதான் அங்கே முதுகெலும்பு, மெட்டு இன்னும் கட்டுக்கோப்பானது. உனக்கு உடனே பிடிக்கப்போவது அவர்களைத்தான்.

இன்னொன்று. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் பேஸ்டல்ஸ் குழு உனக்குப் பிடிக்குமே, அவர்களுடைய ஜியோகிராஃபிக் லேபிள்தான் 2000இல் குதோ தோரியின் பாட்டுகளைத் தொகுத்து பிரிட்டனில் வெளியிட்டது. பேஸ்டல்ஸும் டென்னிஸ்கோட்ஸும் சேர்ந்து 2009இல் 'டூ சன்செட்ஸ்' என்று ஒரு முழு ஆல்பமே செய்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் டோக்கியோ பையன்கள் ஸ்காட்லாந்தைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். பிறகு ஸ்காட்லாந்துக்காரர்களே டோக்கியோவைக் கூப்பிட்டுக் கூட உட்காரவைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

கேட்டுவிட்டு, பிடிக்காததையும் மறைக்காமல் எழுது. பெரியவளுக்கு காலேஜ் எங்கே கிடைத்தது என்றும் சொல். மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
கதிர்