எரிபொருள் கிளம்பாமல் ‘பணி முடிந்தது’ என்று எழுதாதீர்கள்

அணுமின் நிலையங்களை மூட அனுமதி அளிக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு,

வணக்கம். உங்கள் கோப்புகளில் ‘பணி முடிந்தது’ என்ற சொற்கள் எப்போது இடம்பெறலாம் என்பது மட்டுமே இம்மடலின் பொருள்.

அமெரிக்காவின் மெய்ன் யாங்கி அணுமின் நிலையத்தை மூடும் முடிவு 1997இல் எடுக்கப்பட்டு, 2005இல் இடிப்பும் முடிந்தது. ஆனால் அங்கே ஒரு கான்கிரீட் தளத்தின் மேல் 64 பெரிய உருளைகள் நிற்கின்றன. அவற்றுள் 60இல் பயன்படுத்திய எரிபொருளும், எஞ்சிய நான்கில் அணு உலையின் உட்பாகங்களிலிருந்து வெட்டியெடுத்த கதிரியக்க எஃகும் உள்ளன. ஒரு விளக்குக்கான மின்சாரம்கூடத் தராத இடத்தை ஆயுதக் காவலர்கள் இரவும் பகலும் காக்கிறார்கள். ஏனெனில், 1998 முதல் எரிபொருளைப் பெற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்ட அரசு, அதை வைக்க இன்னும் ஓரிடத்தை ஏற்பாடு செய்யவில்லை.

உலையைப் பூட்டிவைத்து ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தால் வேலை எளிதாகும் என்பார் உண்டு. உலையின் எஃகில் உருவான கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5.27 ஆண்டுகளே என்பதால், அது ஏறத்தாழ 700இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் எந்தக் குழாய் எப்போது கசிந்தது, எந்தச் சுவருக்குப் பின்னால் எதை வைத்து அடைத்தார்கள் என்பதை அறிந்த தொழிலாளர்கள் அதற்குள் இருக்கமாட்டார்கள். எரிபொருளில் உள்ள புளூட்டோனியம்-239க்கோ அரை ஆயுள் சுமார் 24,000 ஆண்டுகள்; அதன் முன் ஐம்பது ஆண்டு எம்மாத்திரம்?

அவசரமும் உதவாது. ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 கொள்கலன்களில் கழிவு இறக்கப்பட்டது. அவற்றில் பலவற்றை அடுக்கிவைக்கக்கூட இல்லை, சரிவில் கொட்டினார்கள். உள்ளே நீர் கசிவதால் அவற்றை மீண்டும் மேலே எடுக்க வேண்டும் என்று இன்று சட்டமே சொல்கிறது.

பின்லாந்து 1983இலேயே இடம் தேடத் தொடங்கி, உள்ளூர் நகராட்சியின் சம்மதத்தைப் பெற்ற பிறகே, ஒல்கிலுவோட்டோ தீவின் பாறைக்குள் 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பயன்படுத்திய எரிபொருளுக்கான நிரந்தரச் சேமிப்பகம் தோண்டியது. எரிபொருளை அடைக்கும் செப்புக் கலங்களும், அவற்றைச் சூழும் பென்டோனைட் களிமண்ணும் பொறியியலின் பங்கு. சம்மதத்துக்குக் காத்திருந்த ஆண்டுகளே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

ஆகவே, உலை ஓடும்போதே மூடும் திட்டத்தையும், நிறுவனம் தொட முடியாத தனி நிதியையும், ஒவ்வொரு கலத்தின் உள்ளடக்கப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். கடைசி எரிபொருள் கோல் தளத்தைவிட்டு நிரந்தர இடத்துக்குச் சேரும்வரை, உங்கள் கோப்பில் ‘மூடப்பட்டு வருகிறது’ என்றே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்