எக்ஸ் போட்ட வீடுகள்

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய நீள மெசேஜைப் படித்தேன். பிள்ளைகள் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று உங்கள் டீம் இத்தனை நாளாகப் பேசியும், ஒருவர் கழிப்பறை என்கிறார், ஒருவர் வறுமை என்கிறார், இன்னொருவர் வாத்தியாரே வருவதில்லை என்கிறார், கடைசியில் ஆளுக்கொரு பவர்பாயிண்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். மூன்று பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது. சிக்கலே அதுதான்.

நீ இருக்கிற பீகாரிலேயே இதற்குக் குறையாத ஒரு சிக்கலைத் தீர்த்திருக்கிறார்கள். "அப்பா மறுபடியும் போலியோ கதையை ஆரம்பித்துவிட்டார்" என்று சிரிப்பாய். சிரி. ரிட்டயரான ஹெல்த் இன்ஸ்பெக்டரிடம் வேறென்ன கதை கிடைக்கும்.

நாடு முழுக்கச் சொட்டு மருந்து முகாம் தொடங்கியது 1995இல். நம்ம பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை பூத்துக்கே பெரும்பாலான பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், மிச்சம் இருப்பவர்களை அடுத்த இரண்டு மூன்று நாளில் தேடிப் பிடித்துவிடுவோம். வடக்கே அப்படி இல்லை. 2001இல் நாட்டில் 268 கேஸ் என்று இறங்கிய நோய் அடுத்த வருஷமே 1,600க்கு ஏறியது, அதில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசம். 2005இல் 66 என்று வந்ததும் எல்லாரும் மூச்சு விட்டார்கள், 2006இல் மறுபடி 676. ஏன் என்று மேலே இருப்பவர்களைக் கேட்டால் "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்பார்கள். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி எழுதிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டாம், ஒரு பேனர் அடித்தால் போதும்.

ஆனால் கீழே வேறொரு வேலை நடந்தது. வீடு வீடாகப் போன டீம், எல்லாப் பிள்ளைக்கும் சொட்டு மருந்து போட்டாயிற்று என்றால் சுவரில் சாக்பீஸால் 'பி' என்றும், ஒரு பிள்ளை விட்டுப்போனாலும் 'எக்ஸ்' என்றும் எழுதும். எக்ஸ் எழுதினால் மட்டும் போதாது, பக்கத்தில் இன்னோர் எழுத்தும் வேண்டும். வீடு பூட்டியிருக்கிறதா, பிள்ளை வெளியே விளையாடப் போயிருக்கிறதா, ஊரிலேயே இல்லையா, காய்ச்சல் என்று அம்மா தயங்கினாளா, வீட்டார் மறுத்துவிட்டார்களா என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

சாயங்காலம் அந்தக் கணக்கெல்லாம் பிளாக் (நம்ம ஊர் ஒன்றியம் மாதிரி) மீட்டிங்குக்கு வரும். அரசு டாக்டர், உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு டாக்டர், யூனிசெஃப் ஆட்கள், அங்கன்வாடிக்காரர்கள் என்று பல துறைக்காரர்கள் பார்த்து, மறுநாள் யார் எங்கே போவது என்று முடிவு செய்வார்கள். யாரும் அங்கே "விழிப்புணர்வு" என்று பேச முடியாது, ஏனென்றால் பூட்டிய வீட்டுக்கு விழிப்புணர்வால் ஒன்றும் ஆகாது, மறுபடி ஒருவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஊரில் இல்லாத பிள்ளைக்கு ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் செங்கல் சூளையிலும் ஆள் நிற்க வேண்டும். மறுத்த வீட்டுக்கு டாக்டர் போனால் இன்னும் மோசமாகும், அந்தத் தெருவிலேயே வாழ்கிற ஒரு பெண் போக வேண்டும், இல்லையென்றால் பள்ளிவாசல் இமாம் பேச வேண்டும். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகக்காரர்கள்கூட வந்து பேசினார்கள்.

மறுத்தவர்கள் எல்லாரும், இந்த மருந்து பிள்ளைகளை மலடாக்கிவிடும் என்ற வதந்தியை நம்பியவர்கள் என்று நினைக்காதே. சாக்கடை அள்ள வராத அரசாங்கம், பேதிக்கு மருந்து கேட்டால் கிடைக்காத அரசாங்கம், இந்த இரண்டு சொட்டுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஏன் வாசலுக்கு வருகிறது என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? பிறகு உ.பி.யிலும் பீகாரிலும் 107 பிளாக்குகளைப் பொறுக்கி எடுத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல், ஜிங்க் மாத்திரை, கை கழுவுவது, தாய்ப்பால் என்று அதையும் இந்த வேலையோடு சேர்த்தார்கள். பீகாரின் கோசி ஆற்றுப் படுகையில் ஒருநாளில் போய்த் திரும்ப முடியாத கிராமங்கள் உண்டு. அங்கே உள்ளேயே தற்காலிக அலுவலகம் வைத்து ஆட்கள் இரவு தங்கினார்கள்.

இவ்வளவு உழைத்தும் 2009இல் 741 கேஸ். பத்துத் தடவைக்கு மேல் மருந்து போட்ட பிள்ளைகளுக்கும் கால் விளங்காமல் போயிற்று. அப்படியென்றால் ஆட்களின் உழைப்பில் குறை இல்லை, மருந்தைப் பார்க்க வேண்டும். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு மூன்று தவணை போதாது என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர் ஜேக்கப் ஜான் அதற்கு வெகு காலம் முன்பே சொல்லியிருந்தார். 2005இல் முதல் வகை வைரஸுக்கு மட்டும் வீரியமான மருந்து கொண்டுவந்தார்கள், முதல் வகை குறைந்துகொண்டு வந்தபோது மூன்றாம் வகை தலைதூக்கிவிட்டது. அதனால் 2010 ஜனவரியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மருந்து. அந்த வருஷம் 42 கேஸ். 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு பெண் குழந்தை, இயற்கையான போலியோ வைரஸால் நம்ம நாட்டில் வந்த கடைசி கேஸ் அதுதான்.

"போலியோவுக்கு இரண்டு சொட்டு போதும், படிப்பு அப்படியா" என்று நீ கேட்பாய். வாஸ்தவம். எங்களிடம் ஏமாற்ற முடியாத ஒரு சோதனை இருந்தது. பதினைந்து வயதுக்குள் எந்தப் பிள்ளைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தாலும் இரண்டு தடவை மலம் எடுத்து ஐஸ் பெட்டியில் லேபுக்கு அனுப்புவோம், நம்ம கேஸெல்லாம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகும். கலெக்டர் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் லேபில் உண்மை வந்துவிடும். உங்களுக்கு அந்த மாதிரி எது இருக்கிறது? வருகைப் பதிவேடு ஆகாது, மதிய உணவுக் கணக்கே அதில்தான் இருக்கிறது, யாரும் குறைத்து எழுத மாட்டார்கள். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் போய்த் தலை எண்ணுங்கள். முதலில் டீம் முழுக்க இந்த ஒரு எண்ணிலாவது ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போலியோ வேலையில் மற்றத் தடுப்பூசிகள் பின்னுக்குப் போயின என்று ஒரு குறை உண்டு, அதில் உண்மையும் உண்டு. நீங்கள் ஆசிரியரிடம் புதிதாக ஒரு படிவம் கொடுத்தால் எந்தப் பாடம் நிற்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது என்று கேட்டாயே. மாநிலம் முழுக்க யோசிக்காதீர்கள். ஒரே பிளாக்கில் சில பள்ளிகளை எடுத்து, நின்றுபோன பிள்ளைகளின் பெயரை வாங்கி, வீட்டுக்கே போய் ஒவ்வொரு பெயருக்கும் நேரே காரணத்தை எழுதுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டி வருகிற அந்தந்தத் தெருக்காரர்களான டோலா சேவக்குகளைக் கூட்டிக்கொண்டு போ, அவர்களுக்கு வீடு தெரியும். உங்கள் ஊரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்களே, நல்ல வேலை செய்தது, ஏனென்றால் அந்தப் பெண்களுக்குக் காரணம் தூரம். ஆறாம் வகுப்பில் நின்ற பெண்ணுக்கு அந்தச் சைக்கிள் எதற்கு? எந்தக் காரணத்தை யார் பார்ப்பது என்று அன்று சாயங்காலமே பிரித்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்காரர் கழிப்பறையைப் பார்க்கட்டும், சண்டை பாதி குறையும். பிளாக் கல்வி அதிகாரியையும் உட்கார வையுங்கள், அவர் இல்லாமல் எடுத்த முடிவை அவர் செய்ய மாட்டார், நானாக இருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

பட்டியல் வந்ததும் எந்தக் காரணம் அதிகம் என்று எனக்குப் போன் பண்ணு. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போவதுதான் முதலில் வரும் என்கிறேன் நான். உன் அம்மா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்துவதுதான் என்று அடித்துச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா