வெள்ளம் கேட்டதற்கா சிரித்தார்கள்?

மக்களே,

சென்னையில் கேன்டீனில் தண்ணீருக்குப் பதில் நம் ஊர்ப் பேச்சில் ‘வெள்ளம்’ கேட்டதும் "நீ மலையாளியா?" என்று சிரித்தார்கள், அதிலிருந்து அங்கே அதிகம் வாய் திறப்பதில்லை என்று போனில் சொன்னாய். அம்மாவும் சிரித்தாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நீ பஸ்ஸில் போகும் வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறதே, அந்தக் கலைவாணர் நம் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். என்.எஸ்.கிருஷ்ணன் என்ற பெயரில் ‘என்’ நாகர்கோவில். ‘எஸ்’ அவருடைய அப்பா சுடலைமுத்து. அம்மா இசக்கியம்மாள். நம் ஊர்த் தெய்வங்கள் சுடலையும் இசக்கியும் சேர்ந்த வீடு! எந்த ஊர் என்று யாராவது கேட்கவும் வேண்டுமா?

1908 நவம்பர் 29-ல் பிறந்தார். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானம். வறுமையில் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. டென்னிஸ் ஆடுகிறவர்களுக்குப் பந்து பொறுக்கிப்போட்டார், மாலையில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். கை தட்டில் இருந்தாலும் கண் மேடையில்தான் இருந்திருக்கும்.

பிறகு வில்லுப்பாட்டு. சிறுவயதில் உன்னைக் கோயில் கொடைக்கு அழைத்துப்போவேன், பாதிக் கதையில் என் மடியில் தூங்கிவிடுவாய். பாட்டை நடத்தும் அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். திடீரென்று ஒன்றும் தெரியாதவர்போல ஒரு குறும்புக் கேள்வியும் கேட்பார். கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் கதை அடுத்த அடிக்குப் போய்விடும். கலைவாணரின் நகைச்சுவையை நான் இந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். உன் மாமா ஒப்புக்கொள்ளமாட்டார், எல்லாம் நாடகக் கம்பெனி கொடுத்தது என்பார். 1925-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் சேர்ந்தது உண்மைதான். பத்துப் பதினோரு வருடத்தில் சினிமாவுக்கும் போய்விட்டார். ஆனால் கம்பெனிக்குள் போகும்போதே அந்த ‘ஆமா’ அவருடன் போயிருக்குமே!

இன்னொன்று. நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அவர் இறந்தது 1957 ஆகஸ்ட் 30-ல். தமிழ்நாடு முழுவதையும் சிரிக்கவைத்தவருக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டில் இருந்தது பத்தே மாதம். உன்னைப் பார்த்து மலையாளியா என்றவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்.

வெள்ளிக்கிழமை வடசேரியில் பஸ் ஏறும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் நம் ஊர் மட்டி வாழைப்பழம் கொடுத்துவிடுகிறேன். என்ன பழம் என்று கேட்டால் ‘மட்டி’ என்றே சொல். அதற்கும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஆளுக்கொன்று கொடு.

அப்பா