சேர்க்கையே நடக்காத எம்.பி.ஏ.வுக்கு மாதத் தவணை: பணத்தைத் திருப்பித் தரக் கோரிக் கடிதம்

அனுப்புநர்: உங்கள் ஆப்பில் ‘ஆக்டிவ் லேர்னர்’ என்று காட்டப்படுபவர், ஓசூர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு, ஆன்லைன் படிப்புகளுக்கு ஆள் சேர்க்கும் எட்டெக் நிறுவனம், பெங்களூரு.
பொருள்: ஆன்லைன் எம்.பி.ஏ. சேர்க்கை நடக்காததால் கடனை ரத்து செய்து, கட்டிய தொகையைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா,

ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் இடத்தில் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆக வேண்டுமானால் எம்.பி.ஏ. இருந்தால் நல்லது என்று எச்.ஆரில் வெளிப்படையாகவே சொல்வார்கள். ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் கல்லூரிக்குப் போக வசதியில்லை. உங்கள் விளம்பரத்தைப் பார்த்து நம்பர் கொடுத்தது அதனால்தான்.

2025 ஜூனில் உங்கள் கவுன்சிலர் பேசினார். யு.ஜி.சி. அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகம், நாலு செமஸ்டர், ரெகுலர் டிகிரிக்குச் சமம் என்றார். அதில் பொய் இல்லை. யு.ஜி.சி.யின் 2020 ஒழுங்குமுறைகளின்படி அனுமதி பெற்று நடத்தப்படும் ஆன்லைன் பட்டம், நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022இல் அறிவித்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தேன். என் புகார் பல்கலைக்கழகத்தின் மேல் அல்ல. அங்கே சேர்க்காமலே சேர்த்துவிட்டதாகச் சொன்ன உங்கள் மேல்.

“சீட் ரெண்டுதான் இருக்கு சார், இன்னைக்கு ராத்திரிக்குள்ள பிளாக் பண்ணணும்” என்றார். ஆன்லைன் வகுப்பில் பெஞ்சா பத்தாமல் போகும் என்று கேட்டேன்; சிரித்தார். 10,000 ரூபாயை ஜிபேயில் கட்டினேன். மீதி 1,50,000 ரூபாய்க்கு “வட்டியில்லாத இன்ஸ்டால்மென்ட், மாசம் 6,250, 24 மாசம்” என்றார். கடன் என்ற பேச்சே வரவில்லை. பான், ஆதார் கேட்டார், அனுப்பினேன். நைட் ஷிப்ட் டீ இடைவேளையில், அவர் லைனில் இருக்கும்போதே லிங்க் வந்தது. கேன்டீன் சுவரோரம் நின்று செல்ஃபி எடுத்து, ஆப் கேட்ட ஓ.டி.பி.யைப் போட்டேன். விடிந்து பார்த்தால் பெயர் கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து ‘லோன் சாங்ஷன்’ என்று மெசேஜ். டிஜிட்டல் கடன் தருபவர்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே கடனின் முக்கிய விவரங்களை எழுத்தில் தர வேண்டும், அபராதமில்லாமல் விலகிக்கொள்ள அவகாசமும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. விவரத்தாளும் வரவில்லை, அவகாசம் பற்றி யாரும் சொல்லவும் இல்லை.

அன்றே உங்கள் ஆப்பில் பல்கலைக்கழக முத்திரையோடு ‘வாழ்த்துகள், உங்கள் அட்மிஷன் உறுதி’ என்று வந்தது. அதன் பிறகு கிடைத்ததெல்லாம் எக்செல் அறிமுகம், தன்னம்பிக்கை, இன்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும் என்கிற வீடியோக்கள். மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் எதையும் காணோம். கேட்டால் “ஓரியன்டேஷன் நடக்குது சார்” என்ற பதில்தான். ஆனால் 6,250 ரூபாய் மட்டும் மாதம் தவறாமல் என் அக்கவுன்டிலிருந்து போனது.

கடைசியில் பல்கலைக்கழக உதவி எண்ணுக்கே போன் போட்டேன். எடுத்த அம்மா முதலில் கேட்டது, “உங்க டெப் ஐ.டி. சொல்லுங்க.” ஆன்லைன் படிப்பில் சேரும் மாணவர், தன் ஏ.பி.சி. ஐ.டி.யை (படிப்பு மதிப்பெண் கணக்கின் எண்) வைத்து யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான ‘டெப்’பின் தளத்தில் அந்த எண்ணை எடுக்க வேண்டும் என்பது 2024இலேயே வந்த நடைமுறை. உங்களில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. உங்கள் ஆப்பில் இருந்த ஸ்டூடன்ட் நம்பரைப் படித்துக் காட்டினேன். “இது எங்க நம்பரே இல்லைங்களே” என்றார். அந்தப் பருவத்துக்கான கடைசித் தேதியும் அதற்குள் போய்விட்டது. பல்கலைக்கழகத் தளத்தில் நேரடியாகச் சேர்ந்திருந்தால் செமஸ்டர் செமஸ்டராகப் பணம் கட்டியிருக்கலாம் என்றும் சொன்னார். அதாவது எனக்கு இந்தக் கடனே தேவைப்பட்டிருக்காது. மாணவன் ஆகும் முன்பே கடன்காரன் ஆக்கிவிட்டீர்கள்.

ரீஃபண்ட் கேட்டால் ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள். எதிலிருந்து ஏழு நாள்? யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னால் விலகினால் சிறு பிடித்தம் போக முழுக் கட்டணம், தேதி முடிந்து 30 நாளுக்குள் விலகினால்கூட பாதிக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதுவும் உண்மையில் சேர்ந்துவிட்டு விலகுகிறவர்களுக்கு. ‘அது பல்கலைக்கழகங்களுக்கான விதி, நாங்கள் வெறும் சேவை நிறுவனம்’ என்று மெயில் அனுப்பினீர்கள். வாங்கும்போது முத்திரை, திருப்பிக் கேட்டால் சேவை நிறுவனமா? ஆன்லைன் பட்டப்படிப்பை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஃபிரான்சைஸ் முறையில் நடத்தக் கூடாது, மீறினால் பல்கலைக்கழகம், எட்டெக் நிறுவனம் இரண்டின் மீதும் நடவடிக்கை என்று யு.ஜி.சி. 2022 ஜனவரியில் எச்சரித்ததை உங்கள் சட்டப் பிரிவு படித்திருக்கும்.

‘ஜனவரி பேட்ச்சில் போட்டுத் தருகிறோம்’ என்ற உங்கள் சமாதானம் எனக்கு வேண்டாம். கடனை நீங்களே முடித்து, பாக்கி இல்லை என்கிற என்.ஓ.சி. வாங்கித் தர வேண்டும். 10,000 ரூபாயும், இதுவரை பிடித்த தவணைகளும் என் அக்கவுன்டுக்கு வர வேண்டும். சிபில் ஸ்கோரில் இதனால் ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் அதைச் சரிசெய்வது உங்கள் பொறுப்பு. அடுத்த வருஷம் வீட்டுக் கடனுக்குப் போகப் போகிறேன். என் ஆதார், மார்க் ஷீட் நகல்களை அழித்துவிட்டதாக எழுத்தில் தாருங்கள். கவுன்சிலர் பேசிய கால் ரெக்கார்டிங்கின் நகலும் வேண்டும். ‘தரத்தை மேம்படுத்தப் பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அது இருக்கும்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் இவை நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வழக்கு பெங்களூருவில்தான் நடக்கும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பது தெரியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே, கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. நிதி நிறுவனத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் அந்தப் புகார் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனுக்குப் போகும்.

வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, அட்மிஷன் மெசேஜின் ஸ்கிரீன்ஷாட், பேங்க் ஸ்டேட்மென்ட் இணைத்துள்ளேன். பதிலை மெயிலில் மட்டும் அனுப்புங்கள். ஷிப்ட் நேரத்தில் புதுப்புது ஆட்கள் போன் செய்து “என்ன இஷ்யூ சார்” என்று முதலிலிருந்து கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
ஓசூர்