கடற்கரை நிழல் மண்டபத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தபால்கார அண்ணன் நினைவாகக் கடற்கரையில் எழுப்பிய நிழல் மண்டபம் முடிந்துவிட்டது. தரை, படிக்கட்டு, பெயின்ட், பாதையில் இருந்த சீமைக்கருவேலை வேரோடு எடுத்தது எல்லாம் பேசியபடி நடந்தன. ஊரில் கேட்கப்படும் கேள்வி இரண்டுதான். ஏன் சுவர் வைக்கவில்லை? மதிப்பீடு 3,60,000 ரூபாயாக இருக்க, 4,27,400 எப்படிச் செலவானது? டீக்கடையில் பேசியதும் எங்கள் காதுக்கு வந்தது. அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

சுவர் வைத்து ஷட்டர் போட்டால் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று சிலர் சொன்னார்கள். சிலை வைக்கலாம் என்றும் யோசனை வந்தது. முதல் கூட்டத்திலேயே அண்ணனின் மனைவியான நம் அக்கா சொன்னது இது: "அவரைக் கட்டிக்கிட்டவ நான், என்னால ஒரு சாயங்காலம் வீட்டுக்குள்ள உட்கார வைக்க முடியல. இப்ப நீங்க நாலு சுவத்துக்குள்ள வைக்கப் போறீங்களா?" அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சில்லை.

அவரைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இது புரியும். ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே சைக்கிளில் தபால் கொடுத்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அதே வழியில் தினமும் நடந்தார். வாடைக்காலம் வந்தால் தன் பிள்ளைகளோடு ஊர்ப் பிள்ளைகளையும் பஸ் ஏற்றி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயத்தில் கருவேல மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரையைக் காட்டுவார். 2022இல் காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது, அந்தச் செய்தியை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். இளவயதில் வள்ளத்தில் போய் அப்பா தீவிலும் தலையாரித் தீவிலும் இறங்கி நடந்தவர்தான். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வந்த பிறகு கால் வைக்கவே இல்லை, இளவட்டங்களையும் விடவில்லை. பூவரசன்பட்டித் தீவு தண்ணீருக்குள் போனதைச் சொல்லி, "பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தாங்க, தீவே போயிருச்சு" என்பார். மகள் கேட்டபடி, தீவுகள் இருக்கும் திசை மறையாமல் தெற்கே படி வைத்திருக்கிறோம். கச்சான் காற்றுக் காலத்தில் மணல் அடிக்கத்தான் செய்யும். கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது காண்ட்ராக்டர் விவகாரம். டேங்கர் நல்ல தண்ணீரில்தான் கான்கிரீட் கலக்க வேண்டும் என்பது எழுதிக் கையெழுத்தான ஒப்பந்தம். ஆறு தூண்களில் இரண்டு எழும்பியிருந்தன. வேலையாட்களுக்கு டீ கொண்டுவந்த அக்கா, டிரம்மில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. "லேசா உப்புதாம்மா, ஒண்ணும் செய்யாது" என்றார் மேஸ்திரி. கரையில் குழி தோண்டி, அந்த ஊற்றுத் தண்ணீரையே எடுத்திருக்கிறார்கள்.

உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கடலோர வீடுகளில் சன்ஷேடு பெயர்ந்து விழுந்து சிவப்புக் கம்பி தெரிவதை நாம் பார்க்காததா? மேலே பூசிவிட்டால் பத்து வருடத்துக்கு ஒன்றும் தெரியாது என்றார் காண்ட்ராக்டர். பத்து வருடம் கழித்து அங்கே உட்காரப்போவது அண்ணனின் பேரப்பிள்ளைகள். இரண்டு தூண்களையும் இடிக்கச் சொன்னோம். அவர் சென்டரிங் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், வேலை வாரக்கணக்கில் நின்றது. "சமாதானமாப் போங்கப்பா" என்று வந்தவர்களும் உண்டு. கடைசியில் இடிப்புக் கூலி அவருடையது, சிமெண்ட், கம்பி, மறுவேலை நம்முடையது என்று தீர்ந்தது. அதற்கு 41,000. வழக்குப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் இன்றைக்கு அங்கே பாதித் தூண்கள்தான் நிற்கும். எடுத்த முடிவில் கமிட்டிக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

தூண்களுக்குச் சாக்குச் சுற்றி நனைத்ததும் டேங்கர் தண்ணீரில்தான். கலவைக்கும் சேர்த்துக் கூடுதலாக 14,400. ஆடு கடிக்காமல் பூவரசு, புன்னை, வேப்பங்கன்றுகளுக்குக் கம்பிக்கூண்டு 12,000. ஆக 67,400.

வரவு 4,35,000. அக்காவும் மகனும் மகளும் சேர்ந்து 1,50,000. கத்தாரிலும் துபாயிலும் இருக்கும் நம் பிள்ளைகள் 1,20,000. நாட்டுப்படகுக்காரர்கள் 60,000, ஜமாத் 25,000, அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற தபால் ஊழியர்கள் 30,000, ஊரில் வீட்டுக்கு வீடு எடுத்த வரி 35,000. கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் 15,000 கொடுத்தார்கள். வசூல் நோட்டு அவர்கள் தெருவுக்குப் போகவே இல்லை, அவர்களாகவே கொண்டுவந்தார்கள். ஒரு காலத்தில் அவர்கள் வீட்டுக் கடிதங்களைப் படித்துக் காட்டியவர் அவர்தானே. கூரைக்குப் பச்சைப் பனையை வெட்டவில்லை. வடக்குத்தெருவில் பிரித்த பழைய வீட்டின் பனங்கைகளை அந்த வீட்டார் காசு வாங்காமல் தந்தார்கள், வைரம் பாய்ந்த மரம். ஓடும் அவர்களுடையதே. வண்டி வாடகை வேண்டாம் என்றார் டிராக்டர்காரத் தம்பி. சுண்ணாம்படித்தது கால்பந்துப் பிள்ளைகள்.

கல்லில் அண்ணன் பெயரும் கொடையாளர் பெயர்களும் மட்டும் இருக்கின்றன. கமிட்டியார் பெயர் வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம்.

மீதி 7,600 வங்கியில் இருக்கிறது, கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் செலவுக்கு. பில்லும் கணக்கு நோட்டும் செயலாளர் வீட்டில் உள்ளன. சந்தேகம் உள்ளவர்கள் பொதுக்குழுவுக்கு முன்பே வந்து பார்க்கலாம். தண்ணீர் ஊற்றும் முறைக்குத் தெருவுக்கு இரண்டு பேர் வேண்டும். கீழத்தெருவிலிருந்து இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை, இந்த வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியார்