கார்பிஸையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மலருக்கான பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். நேதாஜி போன நீர்மூழ்கி வழியில் மூழ்கடித்த கார்பிஸ் கப்பலையும் சேர்த்துத்தான். உங்கள் அப்பா, எங்கள் ஐயாவின் நூற்றாண்டு மலரில் நேதாஜியின் நீர்மூழ்கிப் பயணத்தை "கப்பல்காரன்தான் எழுதணும்" என்று நீங்கள் சொன்னதாகத் தம்பி சொன்னான். அதை என்னிடம் நீங்களே சொல்லியிருக்கலாம். நான் போன் செய்தாலும் எடுப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தம்பி உங்களுக்கு வாசித்துக் காட்டுவான். ஊரில் நாலு பேர் வாசிப்பார்கள் என்பதும் தெரியும். வீட்டுக்குள் இருக்க வேண்டியது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று சில இடங்களில் நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்குப் புரியும்.

1943 பிப்ரவரி 9, ஜெர்மனியின் கீல் துறைமுகம், யூ-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, நேதாஜியோடு போன ஆபித் ஹசன், மடகாஸ்கர் பக்கம் கொந்தளித்த கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாற ரப்பர் படகு. இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் சொன்னதே நீங்கள்தான். கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டைமாடியில் பாய் விரித்து, எங்களையெல்லாம் வரிசையாகப் படுக்கவைத்துச் சொல்வீர்கள். நேதாஜி ஏதோ சொல்லச்சொல்ல ஹசன் எழுதிக்கொண்டிருப்பார். கப்பல் ஒன்றைத் தாக்கும் நேரத்தில் மாலுமி ஒருவன் தப்பான நெம்புகோலை இழுத்துவிடுவான். மூழ்க வேண்டிய நீர்மூழ்கி மேலே எழும்பிவிடும். எதிரிக் கப்பல் மேலே ஏறுவதுபோல் வந்து உரசிவிட்டுப் போகும். அந்த அமளியிலும் அவர் குரல் மாறாது. இரண்டு தடவை சொல்லிவிட்டேனே, இன்னும் குறித்துக்கொள்ளவில்லையா என்று ஹசனைக் கேட்பார். அந்த இடத்தில் நீங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பீர்கள். பிறகு, "அதுதான்டா தலைவன்" என்பீர்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரித்தது. நான் கடலுக்குப் போனதற்கு அந்த மொட்டைமாடிதான் காரணம். முதல் கப்பலுக்குக் கிளம்பும்போது விமான நிலையம் வரை வந்து, உள்ளங்கையில் பணத்தை மடித்து வைத்தவர் நீங்கள். அப்பாகூட அவ்வளவு தூரம் வரவில்லை.

அதனால்தான் அந்தத் திண்ணைச் சாயங்காலம் இன்னும் வலிக்கிறது.

பொங்கல் முடிந்த மறுவாரம். சம்பந்தி வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். நேதாஜி பிறந்தநாளான ஜனவரி 23 நெருங்கியதால் அவர் படத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கதையை ஆரம்பித்தீர்கள். நெம்புகோல் இடம் வந்தது. தம்பி மகன் உங்கள் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "தாத்தா, அந்தப் படகு யாரையாவது சுட்டுச்சா?" என்று கேட்டான். நீங்கள் சிரித்துக்கொண்டே, "அவங்க பயணம்தான்யா போனாங்க" என்றீர்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கப்பல்காரன், எனக்குத் தெரியும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

சுட்டது என்றேன். ஏப்ரல் 18 அன்று கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை, டேங்கரை, தண்ணீருக்கடியில் பாயும் டார்பிடோ குண்டால் அடித்தது. எட்டாயிரம் டன் கப்பல். நேதாஜி உள்ளே இருக்கும்போதுதான் அடித்தார்கள். கடல் தீப்பிடித்து எரிந்தது. கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். கப்பலில் கைவிடப்பட்டு நின்றவர்கள் இந்தியர் போலவும் மலாய்க்காரர் போலவும் தெரிந்ததாகவும், உயிர்காப்புப் படகு வெள்ளைக்காரர்களுக்குத்தான் கிடைத்ததாகவும் ஆபித் ஹசனே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இவ்வளவுதான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை.

நீங்கள் துணியை மடித்து வைத்தீர்கள். படத்தைச் சுவரில் சாய்த்தீர்கள். "வெள்ளைக்காரன் கப்பல்ல சோறு திங்கிறவனுக்கு அவன் கப்பல் எரிஞ்சாத்தான் வலிக்கும்" என்றீர்கள். சித்தி காபித் தம்ளரோடு வாசல்படியிலேயே நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஐயாவின் பெயரைச் சொல்லி நீங்கள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன்.

சம்பந்தி வீட்டார் முன்னால் உங்கள் பேச்சை மறுத்ததற்கு என்னை மன்னியுங்கள். பெரியவரைச் சபையில் மறுக்கக் கூடாது என்று வளர்ந்தவன்தான் நானும். ஆனால் பிள்ளை நேருக்கு நேராகக் கேட்டான். அவனிடம் நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா? 'அப்புறம் சொல்றேன்' என்று தள்ளியிருக்கலாம், சரி. அந்த அப்புறம் நம் வீட்டில் எப்போது வரும், சித்தப்பா? ஐயா போய் எத்தனை வருஷம்! இன்னும் வரவில்லையே.

கோபம் வருகிறது. நிதானமாகவே சொல்லப் பார்க்கிறேன்.

டேங்கரில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன் நான். நாங்கள் நிற்கிற இடம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. மேலே போக இரும்பு ஏணி, அதற்கு மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று. டார்பிடோ அடிப்பதும் அதே தண்ணீர் மட்டத்துக்குக் கீழேதான். விளக்கு அணைந்துவிடும். ஆவிக்குழாய் வெடிக்கும். மேல்தளத்தில் நிற்பவனுக்குக் கடலில் குதிக்க ஒரு வாய்ப்பாவது உண்டு. குதித்தவனுக்கும் டேங்கர் என்றால் கீழே எரிகிற எண்ணெய். இரவு வாட்சில் தனியாக நிற்கும்போது இதை நினைத்திருக்கிறேன். என் கப்பலை யாரும் சுடப்போவதில்லை என்று தெரிந்தும் நினைத்திருக்கிறேன்.

அந்தப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். சில்ஹெட், சிட்டகாங், கோவா, குஜராத் கரைக்காரர்கள். லாஸ்கர் என்று அழைத்தார்கள். அதே கப்பலில் வெள்ளை மாலுமி வாங்கியதில் சிறு பங்குதான் இவர்கள் சம்பளம். போர் முடியும்போது 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அவர்கள் யாரும் பேரரசைக் காப்பாற்றக் கப்பல் ஏறியவர்கள் இல்லை. வீட்டுக்குப் பணம் அனுப்ப ஏறினார்கள். நானும் அதற்குத்தான் ஏறினேன். ரப்பர் தோட்டத்துக்கு ஐயா கப்பல் ஏறியதும் அதற்குத்தான். வெள்ளைக்காரன் சோறு என்று நீங்கள் சொன்னது ஐயாவின் இளமையையும் சேர்த்துத்தான் போய்த் தைத்தது.

நீங்கள் சொல்லப்போகும் பதில் தெரியும். உயிர்காப்புப் படகில் இடம் தராதது வெள்ளைக்காரன், அவனைக் கேள் என்பீர்கள். கேட்கிறேன். அந்த அநியாயத்தையும் அதே பத்தியில் எழுதியிருக்கிறேன். ஆனால் டார்பிடோ வந்தது யூ-180-இல் இருந்து.

அதன் தளபதி முசன்பெர்க் ஏன் யாரையும் கடலில் இருந்து தூக்கவில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1942 செப்டம்பரில் யூ-156 என்ற இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கி லக்கோனியா என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தது. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தாலியக் கைதிகள் இருந்தது அடித்த பிறகுதான் தெரிந்தது. தளபதி ஹார்டன்ஸ்டைன் தத்தளித்தவர்களைத் தன் படகின் மேல்தளத்தில் ஏற்றினார், உயிர்காப்புப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்தார், உதவிக்கு வரச்சொல்லி எல்லோருக்கும் கேட்கும்படி வானொலியில் அறிவித்தார். செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்தும் அமெரிக்க விமானம் குண்டு போட்டது. அதற்குப் பிறகு செப்டம்பர் 17 அன்று, மூழ்கும் கப்பலில் இருந்து யாரையும் காப்பாற்றக் கூடாது என்று ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் உத்தரவிட்டார். கார்பிஸ் எரிந்தது அந்த உத்தரவு வந்து ஏழு மாதம் கழித்து. நேதாஜி அந்தப் படகில் ஒரு பயணி. சுடு என்றோ சுடாதே என்றோ சொல்ல அவருக்கு அங்கே அதிகாரம் கிடையாது. இதையும் எழுதியிருக்கிறேன். அவரைத் தூற்றுவதற்காக என் பக்கத்தை யாராவது எடுத்துக்கொண்டு வந்தால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அந்தச் சாயங்காலம் நான் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. உங்களுக்காகத்தான் விட்டேன். நேதாஜி ரப்பர் படகில் ஏறி மாறிப்போன ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29. அதற்கு ஐந்து மாதம் முன்னால், 1942 நவம்பர் 23 அன்று, அதே ஐ-29 திலாவா என்ற கப்பலை மூழ்கடித்தது. பம்பாயில் இருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன பயணிகள் கப்பல். குடும்பம் குடும்பமாக நம் நாட்டு ஆட்கள். 280 பேர் செத்தார்கள். அந்த நீர்மூழ்கிக்காரர்களோடு நேதாஜி நிற்கிற படத்தைத்தான் நீங்கள் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். அதைக் கழற்றச் சொல்லவில்லை. என் வீட்டிலும் அந்தப் படம் இருக்கிறது.

யூ-180 என்ன ஆனது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நேதாஜி இறங்கியதும் உங்கள் கதையில் அந்தப் படகு மறைந்துவிடும். எனக்கு மட்டும் அது மறையவில்லை. இன்ஜின்காரன் இல்லையா? அந்த ரகப் படகில் ஆறு மெர்சிடிஸ் டீசல் இன்ஜின்கள், ஒவ்வொன்றும் இருபது சிலிண்டர். வேகப் படகுகளுக்கென்று செய்ததை நீர்மூழ்கிக்குள் வைத்தார்கள். ஒரே புகை, ஒரே சூடு. ரொட்டியிலும் போர்வையிலும் டீசல் அடித்தது என்று ஹசன் சொன்னது மிகையே இல்லை. கடைசியில் அந்த இன்ஜின்களைக் கழற்றிவிட்டு அதைச் சரக்குப் படகாக்கினார்கள். 1944 ஆகஸ்டில், வேறு தளபதியின் கீழ், பிரான்ஸின் போர்தோவில் இருந்து கிளம்பி பிஸ்கே வளைகுடாவில் காணாமல் போனது. 56 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

எங்கள் கப்பல் கீலில் பழுதுபார்க்க நின்றபோது ஹைக்கன்டார்ஃபில் மோல்டனோர்ட் நினைவிடத்துக்குப் போனேன். சுவர் சுவராக வெண்கலத் தகடு, ஒவ்வொரு படகின் எண்ணுக்குக் கீழும் செத்தவர்களின் பெயர். இரண்டாம் உலகப் போர் மட்டும் 30,000-க்கும் மேல். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போனவர்கள் சுமார் 40,000 பேர், அதில் நாலில் மூன்று பேர் திரும்பவில்லை. நேதாஜி கரை சேர்ந்த அதே 1943 மே மாதத்தில் மட்டும் 41 ஜெர்மன் நீர்மூழ்கிகள் அழிந்துபோயின. இரவிலும் பனியிலும் கண்டுபிடிக்கிற ரேடார், நடுக்கடல் வரை பறந்து வருகிற லிபரேட்டர் விமானம், படித்துவிடப்பட்ட ரகசியச் செய்திகள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மாதம் அது. அந்த மாதம் செத்தவர்களில் டோனிட்ஸின் இளைய மகனும் ஒருவன். 24-ஆம் தேதி வட அட்லாண்டிக்கில் இருந்து படகுகளைப் பின்வாங்கச் சொன்னார். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் பையன்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்.

யூ-180 தகட்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். நேதாஜிக்குச் சோறு போட்ட ஆட்களில் எத்தனை பேர் அந்த 56-இல் இருந்தார்கள் என்று யோசித்தேன். அவர்களுக்காகவும் மனசு கலங்கியது. இதைச் சொன்னால் என்னை நாஜிக்காரன் என்பார்கள் சிலர். ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தது ஏறத்தாழ 2,800 வணிகக் கப்பல்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சொல்கிறேன்.

லாஸ்கர்களுக்கு அப்படி ஒரு சுவர் இல்லை, சித்தப்பா. பம்பாயிலும் சிட்டகாங்கிலும் ஒரு பதிவேட்டில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். யாராவது போய்த் திறந்தால்தான் உண்டு.

ஐயா நீர்மூழ்கிக் கதையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? சிங்கப்பூரில் நேதாஜி பேசியதை மட்டும் கண் விரியச் சொல்வார். மற்றபடி பர்மா மழை, அட்டை, பசி, வழியில் விட்டுவிட்டு வந்த கூட்டாளிகள். அவர்களின் தோட்டப் பெயரோடு சொல்வார், இன்ன எஸ்டேட்காரன், இன்ன டிவிஷன்காரன் என்று. செத்தவனை விட்டுவிட்டு அவர் கதை சொன்னதே இல்லை. ஐயாவை அவமானப்படுத்துகிறேன் என்றீர்களே, அவரிடம் படித்ததைத்தான் செய்கிறேன் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் அவர் மகன், உங்களுக்கு அவரை என்னைவிடத் தெரியும். இருந்தாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கட்டுரையைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். மொட்டைமாடியும் நெம்புகோலும் அதில் இருக்கின்றன. நீங்கள் சொன்ன மாதிரியேதான் எழுதியிருக்கிறேன், வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது. பக்கம் நீளம் என்றால் இன்ஜின் விவரத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கீல் துறைமுக வர்ணனையை எடுத்துவிடுங்கள். கார்பிஸ் பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது கூடாது என்றால் பக்கம் முழுவதையும் என் பெயரோடு எடுத்துவிடுங்கள். அரைகுறையாகப் போட வேண்டாம்.

எப்படியிருந்தாலும் மலர் வெளியீட்டுக்கு வருவேன். கப்பலில் இருந்து இறங்கும் தேதியை அதற்கேற்ற மாதிரி மாற்றிவிட்டேன். சித்தியிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அண்ணன் மகன்