சன்னத்தை நானே கொண்டுவருகிறேன்

கோவில்பட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். உன் என்ரோல்மென்ட் சர்டிபிகேட்டை, எங்கள் பேச்சில் சன்னத்து, அதாவது வக்கீலாகத் தொழில் பார்க்கும் அனுமதிப் பத்திரத்தை, கூரியரில் அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்பவில்லை. பீரோவில் அம்மாவின் நகைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. ஏன் என்று போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஹைகோர்ட்டில் முத்துசாமி ஐயர் சிலை பக்கத்தில் நீ நிற்கிற போட்டோ வந்தது. கவுன் உனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, டெய்லரிடம் பிடித்துத் தைக்கச் சொல். சிலையின் வெறுங்காலைக் கவனித்தாயா? கிராமக் கணக்கருக்கு எடுபிடியாக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் வேலையைத் தொடங்கியவர் அவர். 1878-ல் அந்தக் கோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானார். வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகளுக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பதில் சொல்லவே திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள், அதில் நாலு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்த பையன்கள், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். 'தி ஹிந்து' தொடங்கிய கதை அது.

இருக்கட்டும். மில் தொழிலாளர் கூட்டத்தில் உன்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், சீனியரோ "போ, ஆனால் வாயைத் திறக்காதே" என்கிறார் என்று சொன்னாய். "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டாய். நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. 38 வருஷம் கேஸ் கட்டு சுமந்தவன். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

அந்தக் காலத்து மயிலாப்பூர் பெரிய வக்கீல்கள் எல்லாம் சர்க்காருக்கு ஜால்ரா போட்டவர்கள் என்று நினைத்துவிடாதே. 1906-ல் ஆர்பத்நாட் பேங்க் திவாலாகி ஊரே தலையில் கைவைத்தபோது, வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னால் நின்று அடுத்த வருஷமே இந்தியன் பேங்க்கைத் தொடங்க வைத்தார். மிதவாதிதான், ஆனால் பாரதியின் பாட்டுகளை அச்சுப்போட்டு இலவசமாகக் கொடுக்கப் பணம் தந்தவரும் அவரே. நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற சுப்பிரமணிய ஐயர், இந்தியாவுக்குச் சுயாட்சி வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். லண்டனில் கண்டித்தபோது 'சர்' பட்டத்தையே வேண்டாம் என்று துறந்தார். பெரிய காரியம்தான். ஆனால் பட்டம் போனாலும் அவர் வீட்டில் அடுப்பு எரியும், பாப்பா.

ஒட்டப்பிடாரத்து வக்கீல் கதை அப்படி இல்லை. வ.உ.சி.யை எல்லாரும் கப்பலோட்டியவர் என்கிறார்கள். என் கண்ணுக்கு அவர் முதலில் மொபசல் பிளீடர், அதாவது வெளியூர்ச் சின்னக் கோர்ட்டு வக்கீல். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு, மொத்தம் பத்து லட்சம் மூலதனம் என்று ஒரு கப்பல் கம்பெனியைத் திட்டமிட, பத்திரம் எழுதத் தெரிந்த மூளை வேண்டும். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் ஸ்டிரைக்கில் தொழிலாளர் பக்கம் பேசினார். அவர்களுக்குக் கூலி கூடியது. இவர் மார்ச்சில் கைதானார், ஜூலையில் இரண்டு ஆயுள் தண்டனை. அப்பீலில் குறைந்தது. கோவை ஜெயிலில் செக்கு இழுத்ததுவரை உனக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம்? 1912 கடைசியில் வெளியே வருகிறார். கப்பல் கம்பெனி இல்லை. சன்னத்தும் இல்லை, சர்க்கார் பறித்துவிட்டது. மளிகை, மண்ணெண்ணெய் என்று கடை வைத்துப் பார்க்கிறார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிக் கொடுத்த பணத்தைக் கேட்டு காந்திக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதுகிறார். கடைசியில் வந்தது 347 ரூபாய் 12 அணா. இந்த அணாக் கணக்கெல்லாம் எனக்கு மறக்காது. குமாஸ்தா புத்தி.

சன்னத்து இல்லாத வக்கீல் வீட்டை நான் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். நான் முதலில் வேலை பார்த்த வக்கீலை ஆறு மாசம் சஸ்பெண்ட் செய்தார்கள். யார், என்ன என்பது வேண்டாம். முதல் வாரம் கேஸ் கொடுத்திருந்த கட்சிக்காரர்கள் வந்து கேஸ் கட்டைத் திருப்பிக் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் வாசல் பெஞ்சில் ஒருவரும் இல்லை. ஒரு நாள் வக்கீல் வீட்டு அம்மா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, "அந்த லா ரிப்போர்ட் புஸ்தகமெல்லாம் எடைக்குப் போட்டா என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்த வீட்டில் ஆறு மாசம்தான். வ.உ.சி. வீட்டில் வருஷக்கணக்கில்.

வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதிதான் அவருக்கு மறுபடி சன்னத்து கிடைக்கச் செய்தார். நன்றிக்கு, பிறந்த மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. யாரை எதிர்த்து ஜெயிலுக்குப் போனாரோ அந்த ஆட்சியின் நீதிபதி ஒருவர் பெயர் வீட்டில் தினமும் கூப்பிடும் பெயரானது. இதை முதலில் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சஸ்பெண்டான அந்த வக்கீல் வீட்டைப் பார்த்தபிறகு அப்படித் தோன்றவில்லை. சன்னத்து வந்ததும் அவர் நம் கோவில்பட்டியில்தான் வக்கீல் தொழில் பார்த்தார், தெரியுமா?

போகாதே என்று நான் சொல்லவில்லை. பேசாதே என்றும் சொல்ல மாட்டேன். அவர் பேசியதால்தான் அந்த மில்லில் கூலி கூடியது. உனக்குக் கட்ட வேண்டிய வீட்டு வாடகை இருக்கிறது, எங்களுக்கு இங்கே செலவு கம்மி. இரண்டையும் கணக்கில் வைத்துக்கொள். என்ன பேசுவதானாலும் எழுதி வைத்துக்கொண்டு பேசு, தேதி போட்டு ஒரு காப்பி எடுத்து வை. உன் சீனியரிடம் மறைக்காதே.

சனிக்கிழமை ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சர்டிபிகேட் என் மடியிலேயே இருக்கும். லாமினேட் செய்யவில்லை, செய்யக் கூடாது. அம்மா கடலைமிட்டாய் இரண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறாள், உன் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் அதில் ஒரு பாக்கெட். எழும்பூருக்கு வந்து காத்திருக்க வேண்டாம், பஸ் நம்பரை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா